மண்ணைக் கிண்டுவதற்கு முன் குழாய்க்குள் கமரா விட்டுப் பாருங்கள்

வீட்டு ரொய்லெட்டில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் என்ன செய்யலாம் என்று திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் முதல் வரும் பதில் "கலி பவுசரைக் கூப்பிடுங்கோ" என்பதுதான், அதாவது மலக்குழி இறைக்கும் வண்டியை. அதற்கும் சரிவராவிட்டால் "குழி பழுதாப் போச்சு, புதுசா ஒண்டு வெட்டுங்கோ" என்பார்கள். போன மாரி முழுக்க நானும் அம்மாவும் இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினோம். வீணாகப் போன காசு மட்டும் 176,000 ரூபாய். ஒழுங்கான கமரா ஒன்றைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்த அன்று, ஒரு மணித்தியாலத்துக்குள் எங்கே என்ன பிழை என்று கண்ணால் கண்டோம். திருத்தி முடிக்க 65,000 தான் போனது. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஊரில் எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி, காசுக் கணக்கோடு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் இதே பிரச்சினை இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீடு அலஸ்தோட்டத்தில். கடல் நடக்கும் தூரம், வளவு முழுக்க மணல். முன்பக்கம் அப்பா எழுபதுகளில் கட்டியது. பின்பக்கத்து அறையும் அதோடு சேர்ந்த பாத்ரூமும் 2004 சுனாமிக்குப் பிறகு மண் நிரப்பி, நிலத்தை உயர்த்திக் கட்டியவை. கொழும்பில் வெள்ளைக்காரர் காலத்திலேயே தெருவுக்கு அடியில் பெரிய கழிவுக் குழாய்கள் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அவரவர் வளவுக்குள் அவரவர் செப்டிக் தாங்கி, அவரவர் சோக்கேஜ் பிட், அதாவது தாங்கியால் வெளியேறும் தண்ணீரை மண் உறிஞ்சும் குழி. கொமட்டிலிருந்து தாங்கி வரைக்கும் மண்ணுக்கடியில் போகும் நாலு இஞ்சிக் குழாய்தான் நமக்குக் கழிவுக் குழாய். எங்கள் வீட்டில் அது ஐம்பது அடிக்குக் கொஞ்சம் மேல். கொமட்டைத் தினமும் பார்க்கிறோம், குழி நிறைந்தால் குழியைப் பார்க்கிறோம், நடுவில் கிடக்கும் இந்தக் குழாயை ஒருவரும் பார்ப்பதில்லை. பாத்ரூம் பக்கத்துத் துண்டு சுனாமிக்குப் பிறகு போட்ட பிவிசி. அதற்கு அங்கால் தாங்கி வரைக்கும் அப்பா காலத்துச் சுட்ட மண் குழாய். அந்த மண் குழாய்கள் இரண்டடித் துண்டுகளாக வந்தவை, இரண்டடிக்கு ஒரு மூட்டு, மூட்டுக்கு மூட்டு சீமெந்துப் பூச்சு. இந்த விவரமெல்லாம் பிறகு தெரிய வந்தவை. அப்பா இல்லை, தம்பி கனடாவில். குழாய் எந்தப் பக்கத்தால் போகிறது என்று கைகாட்டிச் சொல்லக்கூட வீட்டில் ஆளில்லை.

ஐப்பசி மழை பிடித்துக் கொஞ்ச நாளில் தொடங்கியது. முதலில் சத்தம்தான். கொமட்டை அடித்தால் குளிக்கும் இடத்துத் தண்ணீர் போகும் ஓட்டைக்குள்ளால் குளுக் குளுக்கென்று கேட்கும். பிறகு அந்த ஓட்டையால் நாற்றம். பிறகு ஒருநாள் விடியப்பறம் கொமட்டில் தண்ணீர் இறங்காமல் மேலே மேலே வந்து விளிம்பில் நின்றது. அம்மாவுக்கு 76 வயது, முழங்கால் மடக்க ஏலாது, கொமட் இல்லாமல் சரிவராது. பக்கத்து வீட்டு மாமி நல்ல மனசோடு "எந்த நேரமெண்டாலும் வாங்கோ" என்றா. ஆனால் இரவு ஒரு மணிக்கு மழைக்குள் குடை பிடித்து அம்மாவை அடுத்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது எப்படி? கூச்சத்தில் அம்மா எனக்குச் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டா. கார்த்திகையில் காய்ச்சலோடு கொண்டு போனபோது சலத்தில் கிருமி என்று வாட்டில் மறித்தார்கள். கட்டிலில் அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது வந்த ஆத்திரமும் அழுகையும் இப்போதும் மறக்கவில்லை. வீட்டில் வயது போனவர்கள், கர்ப்பிணிகள் இருந்தால் அடைப்பு என்று தெரிந்த அன்றே ஒரு பெட்பானோ கதிரைக் கொமட்டோ வாங்கி வையுங்கள். வெட்கப்படவேண்டாம். தண்ணீர் குடிக்கிறார்களா என்று கேட்டுக்கேட்டுக் குடிக்கக் கொடுங்கள்.

பைப் வேலை செய்கிறவர்கள் வந்தார்கள். ஒருவர் கம்பி விட்டுக் குத்தினார், இன்னொருவர் போத்தலில் அசிட் கொண்டுவந்து ஊற்றினார். இதற்கு 15,000. பவுசருக்கு மாரி முடிவதற்குள் 45,000. பவுசர் வந்து போனால் இரண்டு மூன்று நாளைக்குச் சுகமாக இருக்கும், அதனால் எல்லோரும் குழியில்தான் பிழை என்று உறுதியாக நம்பினோம். உண்மை வேறு. பவுசர்காரர்கள் தாங்கியை இறைத்த பிறகு பாத்ரூமுக்குப் பக்கத்து மேன்ஹோலுக்குள்ளும் குழாயை விட்டு இழுத்துக் கொடுத்தார்கள். சுகம் வந்தது அந்த இழுவையால். ஒருநாள் பவுசரோடு வந்த பெடியன் தாங்கிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, உள்ளுக்கு வாற பைப்பின்ரை வாய் தண்ணிக்கு மேலைதான் நிக்குது. தாங்கியிலை பிழை இல்லைப் போல" என்றான். அவன் சொன்னதுதான் அந்த மாரியில் யாரும் சொன்ன முதல் சரியான வார்த்தை. கூட வந்தவர் "இறைக்கச் சொன்னா இறை" என்று அவனை அதட்டினார்.

இந்த இடத்தில் ஒன்றை விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதற்குக் காசே தேவையில்லை. ஒழுங்காக வேலை செய்யும் செப்டிக் தாங்கி எப்போதும் தண்ணீரால் நிறைந்துதான் இருக்கும். வெளியே போகும் குழாயின் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும், உள்ளே வரும் குழாயின் வாய் அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மூடியைத் திறந்து தண்ணீரைக் கண்டவுடன் "நிறைஞ்சு போச்சு" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்காதீர்கள். உள்ளே வரும் வாய் மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதே நேரம் பாத்ரூம் பக்கத்து மேன்ஹோலையும் திறந்து பாருங்கள். மேன்ஹோல் முட்டி நிற்க, தாங்கி வழமையான மட்டத்தில் இருந்தால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில் உள்ள குழாயில். இரண்டும் முட்டி நின்றால் தாங்கியையோ சோக்கேஜ் பிட்டையோ சந்தேகப்படலாம். எங்கள் மணல் நிலத்தில் மாரியில் நிலத்தடித் தண்ணீர் மேலே வந்து பிட் உறிஞ்சாமல் நிற்பது உண்மையாகவே நடக்கிற விசயம். மேன்ஹோல் காய்ந்து கிடக்க, கொமட்டில் மட்டும் தண்ணீர் நின்றால் பிழை கொமட்டுக்குக் கிட்ட. மூடி திறக்கும்போது தனியே நிற்கவேண்டாம், பீடி சிகரட் கிட்டவும் வரக்கூடாது, முகத்தைக் குனிந்து உள்ளே விடக்கூடாது.

எங்கள் வீட்டில் இதை யாரும் பார்க்கவில்லை. மேசன் ஒருவர் வந்து, கொமட்டுக்குக் கீழே உள்ள வளைவு பிழையாக வைத்திருக்கிறது, டைல்ஸை உடைத்துப் புதிதாக வைக்கவேண்டும் என்றார். உடைத்தார்கள். புதுக் கொமட், புது டைல்ஸ், கூலி எல்லாம் சேர்த்து 110,000. தூசியும் சத்தமுமாக அம்மாவை சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வேலை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த கிழமையே பழையபடி தண்ணீர் ஏறியது. புது டைல்ஸ் பளபளக்க அதற்கு மேல் ஊத்தைத் தண்ணீர் நின்றதைக் கண்டபோது எனக்குக் கை கால் சோர்ந்துவிட்டது. அடுத்ததாகப் புதுக் குழி வெட்டுவதற்கு 220,000 என்று கணக்குச் சொன்னார்கள். அதிலும் அவர்கள் காட்டிய இடம் கிணற்றுக்கு முப்பது அடிகூட இல்லை. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடியாவது இருக்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். காசு கட்டுப்படியாகாதது ஒரு பக்கம், கிணறு பழுதாகிவிடும் என்ற பயம் ஒரு பக்கம். அதனால்தான் அந்த வேலையை நிறுத்தி வைத்தேன்.

கட்டாரில் கட்டடப் பராமரிப்பு வேலை செய்யும் சித்தியின் மகன் அந்த நேரம் வட்ஸ்அப்பில் எடுத்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, "அக்கா, இனி ஒரு கல்லும் உடைக்காதைங்கோ. பைப்புக்குள்ளை கமரா விட்டவையோ?" என்றான். எனக்கு விளங்கவில்லை. அவன் தன் வேலையிடத்தில் எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பினான். வளையக்கூடிய தடித்த கேபிள் ஒன்றின் நுனியில் பெருவிரல் அளவு கமரா, சுற்றிவர எல்.ஈ.டி. வெளிச்சம். கேபிளைத் தள்ளத்தள்ளக் குழாய்க்குள் போகிறது, வெளியே திரையில் படம் ஓடுகிறது, மூலையில் எத்தனை மீற்றர் போயிருக்கிறது என்று இலக்கம் ஏறுகிறது. கமராத் தலைக்குப் பின்னால் சமிக்ஞை விடும் சின்னக் கருவி ஒன்றும் இருக்கும், பெரும்பாலும் 512 ஹேர்ட்ஸில். மேலே ஒருவர் கையில் வாங்கும் கருவியோடு நடந்து வந்தால் கமரா நிலத்துக்கடியில் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடும். அங்கே இதைப் பார்க்காமல் நிலத்தைத் தொடவே விடமாட்டார்களாம்.

ஊரில் விசாரித்தேன். தொலைபேசியில் இணைக்கும் மெல்லிய கமரா வைத்திருந்த ஒருவர் வந்தார். 6,000 வாங்கினார். கேபிள் ஐந்து மீற்றர்தான், நூல் போல மெதுமை, முதல் வளைவிலேயே சுருண்டு நின்றது. கண்டதெல்லாம் கறுப்புத் தண்ணீர். வாகன எஞ்சினுக்குள், சுவருக்குள் பார்க்க அந்தக் கமரா நல்லது. ஐம்பது அடிக் கழிவுக் குழாய்க்கு அது போதாது. ஆகவே வருபவரிடம் முதலே கேளுங்கள்: கேபிள் எத்தனை மீற்றர், தள்ளினால் மடங்காத கம்பியா, தூரம் திரையில் விழுமா, நிலத்துக்கு மேலிருந்து இடம் பிடிக்கும் கருவி இருக்கிறதா, குழாயைக் கழுவும் இயந்திரமும் கொண்டு வருவார்களா, பதிவை வெட்டாமல் அன்றே கையில் தருவார்களா. இதில் ஒன்றுக்காவது மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கொழும்பிலிருந்து வரும் ஆட்கள் கிடைத்தார்கள், ஆனால் போக்குவரத்துச் செலவே மலைப்பாக இருந்தது. வழி காட்டியது உப்புவெளியில் ஹோட்டல் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்யும் என் பழைய மாணவன். எங்கள் பக்கத்து ஹோட்டல்களுக்குச் சித்திரைக்குப் பிறகுதான் சீசன். அதற்கு முன் குழாய்களைக் கழுவிப் பார்க்க இப்படியான குழுக்கள் நிலாவெளி வரைக்கும் வந்து போகின்றனவாம். "ரீச்சர், மாசியிலை எங்கட இடத்துக்கு வருவினம், அதோடை உங்கட வீட்டையும் பாக்கச் சொல்லுறன்" என்றான். அப்படி வந்ததால் கழுவுவதும் கமராவும் சேர்த்து 35,000 தான் வந்தது. தனியே கூப்பிட்டிருந்தால் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் கேட்டிருப்பார்கள்.

வந்தவர்கள் முதலில் உயர் அழுத்தத் தண்ணீரால் குழாயைக் கழுவினார்கள். இது கட்டாயம். ஊத்தைக்குள் கமராவை விட்டால் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. பழைய மண் குழாய் இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லி முதலே சொல்லுங்கள், வெடித்த துண்டு உடைந்து விழலாம். கொமட் வழியாக விடாமல் மேன்ஹோல் வழியாகக் கமராவை இறக்கினார்கள், கொமட்டின் வளைவுக்குள்ளால் அந்தத் தலை போகாது. நான் கதிரை ஒன்றைப் போட்டுத் திரைக்கு முன்னாலேயே இருந்துவிட்டேன். நீங்களும் அப்படியே இருங்கள், தேத்தண்ணி போடக்கூட எழும்பவேண்டாம். முதல் ஆறு மீற்றர் வரை பிவிசிக் குழாய் சுத்தமாக, வட்டமாகப் போனது. அதற்குப் பிறகு அடியில் ஒரு கோடாகத் தண்ணீர் தெரிந்தது. தள்ளத்தள்ள அது உயர்ந்து பாதிக் குழாய்க்கு வந்து, பிறகு திரை முழுக்கக் கலங்கலாகிவிட்டது. கமரா தண்ணீருக்கடியில். எட்டு மீற்றர் தாண்டித் திரும்ப மேலே வந்தது. "இதிலை பைப் வயிறு விட்டிருக்கு" என்றார் இயக்கியவர். சுனாமிக்குப் பிறகு நிரப்பிய மண் இறுகாமல் இருந்து, வருடக்கணக்கில் தாழ, குழாயும் அதோடு தாழ்ந்திருக்கிறது. தண்ணீரை நிறுத்தி அரை மணித்தியாலம் விட்டுத் திரும்பப் பார்க்கச் சொன்னேன், சித்தியின் மகன் சொல்லித் தந்தது. மற்ற இடமெல்லாம் வடிந்திருக்க, அந்த இரண்டு மீற்றரில் மட்டும் தண்ணீர் அசையாமல் நின்றது. கழுவிய தண்ணீர் வடியாமல் நிற்பதையும் உண்மையான தாழ்வையும் பிரித்து அறிய இதுதான் வழி.

11.2 மீற்றரில் கமரா நின்றுவிட்டது. பிவிசியும் மண் குழாயும் சேரும் மூட்டு. மேல்பக்கத்து வெடிப்புக்குள்ளால் வேர் இறங்கி, மெல்லிய சல்லி வேர்களாகப் பிரிந்து, சடை போலக் குழாய் முழுக்கத் தொங்கியது. கழுவும் தண்ணீர் அதை அறுக்கவில்லை, வளைத்துவிட்டுப் போயிருக்கிறது. வேருக்குப் பின்னால் கடதாசி, மஞ்சள் கொழுப்பு, ஒரு துணித்துண்டு. கறுப்பு பொலித்தீன் விளிம்பு ஒன்றும் தெரிந்தது, அந்த மூட்டை இணைப்பான் போடாமல் பொலித்தீன் சுற்றிச் சீமெந்து அப்பி முடித்திருக்கிறார்கள். மேலே கருவியோடு நின்றவர் நடந்து வந்து சத்தம் கூடிய இடத்தில் நின்றார். அம்மா நட்ட வேப்பமரத்திலிருந்து நாலடி. ஆழம் எழுபது சென்ரிமீற்றர் என்று காட்டியது. அந்த இடத்தில் நானே ஒரு முளை அடித்தேன், தாழ்ந்த துண்டின் இரண்டு முனையிலும் அடித்தேன். பிறகு வேரை அறுக்கும் தலை போட்டு வழி எடுத்துக் கமராவைத் தாங்கி வரைக்கும் கொண்டு போனார்கள். மிச்ச மண் குழாயில் மயிரிழை வெடிப்புகள் இருந்தன, ஆனால் வட்டம் குலையவில்லை, மூட்டுகள் விலகவில்லை.

அன்று பின்னேரம் அவர்கள் தந்த மதிப்பீடு 385,000. குழாய் முழுவதையும் கிண்டி எடுத்துப் புதிதாகப் போடவேண்டுமாம். அந்தத் தொகையைக் கண்டு திரும்பவும் நெஞ்சு இடித்தது. ஆனால் இந்தமுறை என் கையில் வீடியோ இருந்தது. பென் டிரைவில் வாங்கிய பதிவை அப்படியே கட்டாருக்கு அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டு எழுதியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். குழாய்ப் பிழைகளைப் பதிவதற்கு உலகத்தில் ஒழுங்கான முறைகள் உண்டு. ஒவ்வொரு பிழைக்கும் தொடக்கத்திலிருந்து எத்தனை மீற்றர், குழாயின் வட்டத்தில் மணிக்கூட்டுக் கணக்கில் எந்த இடம் என்று குறிப்பார்கள். 12 மணி என்றால் உச்சி, 6 மணி என்றால் அடி. பிறகு பாரதூரத்துக்கு ஏற்பத் தரம். வட அமெரிக்க முறையில் 1 முதல் 5 வரை, 5 தான் மோசம். எங்கள் வீட்டு அறிக்கையில் இது ஒன்றும் இல்லை, "குழாய் பழுது, மாற்றவேண்டும்" என்ற ஒரே வரிதான். அவன் தானே உட்கார்ந்து மீற்றர் மீற்றராகக் குறித்து அனுப்பினான். அவசரமாகத் திருத்தவேண்டியவை அந்த இரண்டு இடங்கள்தான், மயிரிழை வெடிப்புகளை அடுத்தடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். பார்க்கிறவரே திருத்தவும் போகிறவராக இருந்தால் அவருடைய வார்த்தையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பார்வைக் கூலியைக் கொடுத்து, பதிவை வாங்கி, விசயம் தெரிந்த இன்னொருவருக்குக் காட்டுங்கள். வெளிநாட்டில் இந்த வேலை செய்கிற பிள்ளைகள் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

திருத்தம் பங்குனியில் நடந்தது. நிலத்தடித் தண்ணீர் இறங்கிய பிறகு மணல் கிண்டுவது சுலபம், குழி இடிந்து விழாது. முளை அடித்த இடத்தில் வெட்டியதும் சொல்லிவைத்தாற்போல் மூட்டு வெளியே வந்தது. தாழ்ந்த துண்டை எடுத்து, அடிமண்ணைத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கி, நாற்பதுக்கு ஒன்று சரிவில் புதுக் குழாய் வைத்தார்கள், அதாவது நாற்பது அடி ஓடினால் ஒரு அடி இறங்கவேண்டும். மட்டக்குழாய் பிடித்து ஒவ்வொரு துண்டுக்கும் நானும் பார்த்தேன். மூட்டுக்கு இரண்டு வகைக் குழாயையும் பிடிக்கும் றப்பர் இணைப்பான் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். அந்த இடத்தில் புதிதாக ஒரு மேன்ஹோலும் கட்டுவித்தேன், அடுத்தமுறை கமரா விடவும் கழுவவும் வழி வேண்டும். வேப்பமரத்தைத் தறிக்கவில்லை. குழாய்ப் பக்கத்து வேரை மட்டும் அறுத்தோம். தண்ணீர் கசியாத மூட்டுக்குள் வேர் நுழைய வழியில்லை, கசிவைத் தேடித்தான் அது வருகிறது. வேர் சாகட்டும் என்று துருசு (மயில்துத்தம்) ஊற்றச் சொன்னார்கள், மணல் நிலத்தில் அது கிணற்றுக்குத்தான் போகும் என்று மறுத்துவிட்டேன்.

வேலைக்கு வந்த உதவியாள் ஒருவர், தாங்கியின் உள்ளே வரும் வாயைத் துப்புரவாக்க ஏணி வைத்து இறங்கப் பார்த்தார். கையைப் பிடித்து மறித்தேன். அதற்குள் நிற்கும் வாயு ஓரிரு மூச்சிலேயே ஆளை விழுத்தும். ஐதரசன் சல்பைட் கூடினால் மூக்குக்கு அந்த நாற்றம்கூடத் தெரியாமல் போய்விடும். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் அதற்குள்ளேயே சாவார். எவ்வளவு அவசரமென்றாலும், இறைத்துக் காய்ந்து கிடந்தாலும், யாரையும் தாங்கிக்குள் இறக்காதீர்கள். கூலிக்கு வருகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். மேலிருந்து தடியால் செய்யமுடியாத வேலையைப் பவுசர்காரரிடம் விடுங்கள்.

மண் மூடுவதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். கீழ்முனையை அடைத்து, மேன்ஹோலில் ஒரு கோடு கீறி, அதுவரை தண்ணீர் நிரப்பி ஒரு மணித்தியாலம் விட்டோம். முதல்தரம் மெல்ல இறங்கியது, ஒரு இணைப்பானின் பட்டி இறுகவில்லை. இறுக்கிய பிறகு நின்றது. இதைச் சொல்வதற்குக் காரணம், கமராவுக்கும் எல்லை இருக்கிறது. உட்பக்கம் தெரிவதைத்தான் அது காட்டும். தண்ணீருக்கடியில் இருப்பது தெரியாது, குழாய்க்கு வெளியே மண் அரித்துப் போயிருப்பது தெரியாது, மெல்லிய கசிவு கோடையில் கண்ணுக்குப் படாது. மாரியில் விட்டால் வெளித்தண்ணீர் மூட்டால் உள்ளே சொட்டுவதைக் காணலாம், எங்கள் மூட்டுக்கும் அப்படித்தான் நடந்திருக்கவேண்டும். மாரியில் உள்ளே வந்தது கோடையில் வெளியே போயிருக்கும் என்று யோசித்தபோது கிணறு ஞாபகம் வந்தது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் கேட்டு, கிருமி நீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸில் வைத்து அன்றே பரிசோதனைக்குக் கொடுத்தோம். கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கொலிபோம் கிருமி இருந்தது. குளோரின் போட்டு இறைத்து, சுத்தம் என்று மறு முடிவு வரும்வரைக்கும் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். உங்கள் குழாய் வெடித்தது தெரிந்தால், கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று விடாமல் கட்டாயம் கொடுத்துப் பாருங்கள்.

மண் மூடும்போது குழாய்க்குப் பக்கத்தில் அளவு நாடாவை நீட்டி, மதிலிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று தெரியத் தொலைபேசியில் படம் எடுத்தேன். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள். பழைய வீடு வாங்கப் போகிறவர்கள், முற்பணம் கொடுப்பதற்கு முன் கமரா விட்டுப் பார்க்க உரிமைக்காரரிடம் கேளுங்கள், லட்சக்கணக்கில் போகும் காசுக்கு முன்னால் அந்தச் செலவு பெரிதில்லை. வைகாசியில் அதே குழு நிலாவெளிக்கு வந்தபோது 12,000 கொடுத்துத் திருத்திய குழாயை மறுபடி பார்த்தேன். தண்ணீர் எங்கும் நிற்கவில்லை, மூட்டு சுத்தம். உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவுப் பக்கம் இருப்பவர்கள் தைக்குப் பிறகு ஹோட்டல் பராமரிப்பில் வேலை செய்யும் யாரையாவது கேட்டுப் பாருங்கள், குழு வரும் நாள் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஒழுங்கையில் நாலு வீடு சேர்ந்து கூப்பிட்டால் இன்னும் குறைத்துத் தருவார்கள்.